தன் கையால் செய்தது

ஆகஸ்ட் 13, செவ்வாய்

மிது காலையில் இரண்டு தோசை சாப்பிட்டாள். மூன்றாவது கருகிவிட்டது. அதை நான் சாப்பிட்டேன்.

இப்படியெல்லாம் எழுதச் சொன்னது கோகிலாதான். "நான் இல்லாத நாளெல்லாம் மிது என்ன பண்ணுனா, என்ன தின்னா, எல்லாத்தையும் எழுதி வெய்யிங்க. வந்து படிச்சுக்கறேன்" என்று போனில் சொன்னாள். கோகிலா கோவையில் பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். எங்களுடைய இரண்டாவது பெண் ஒன்பதாம் தேதி பிறந்தாள். அக்டோபர் கடைசியில் பிறந்திருக்க வேண்டியவள். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். துணைக்கு மாமியார் இருக்கிறார். இங்கே பவானியில் வீட்டில் நானும் மிதுவும்தான்.

மிதுனாவுக்கு ஆறு வயது. ஒன்றாம் வகுப்பு. நான் டவுன் பஸ்ஸில் கண்டக்டர். பள்ளி விட்டதும் அவள் பக்கத்து வீட்டுப் பாப்பாத்தி அக்காவின் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். டூட்டி முடிந்து நான் போய் அழைத்துக்கொள்வேன்.

பாப்பாவை முதல் நாள் பார்த்தேன். ஒரு நிமிடம் இருக்கும். கூட்டம் போடக் கூடாது என்று வெளியே வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

யூனிபார்மில் குழம்புக் கறை போகவே இல்லை. எலுமிச்சம்பழம் தேய்த்துப் பார்த்தேன். கறை பெரிதாகிவிட்டது.

மிது இன்று பள்ளியிலிருந்து ஒரு செய்தியோடு வந்தாள். செப்டம்பர் ஐந்தாம் தேதி ஆசிரியர் தினம். போன வருடம் யார் யாரோ சேர்ந்து சுவர்க் கடிகாரமும் டிபன் கேரியரும் வாங்கிக் கொடுத்தார்களாம். அம்சவேணி டீச்சருக்கு அது பிடிக்கவில்லையாம்.

"கடையில வாங்குனா டீச்சர் தொடவே மாட்டாங்களாங்ப்பா. அவங்கவங்க கையில பண்ணோணுமாம். பண்ணத் தெரியலீன்னா வெறும் வணக்கம் சொன்னாப் போதும்னாங்க."

"அப்ப வணக்கம் சொல்லிப்போடு சாமி."

சில்லறை இல்லாமல் ஐந்நூறு ரூபாயை நீட்டுகிறவனை நான் எப்படிப் பார்ப்பேனோ அப்படி என்னைப் பார்த்தாள்.

அம்சவேணி டீச்சரை இரண்டு முறை பார்த்திருக்கிறேன். ஐம்பது தாண்டியிருக்கும். அதிகம் சிரிக்காத முகம். ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது மிது ஒரு வாரம் வாசலிலேயே நின்று அழுதாள். மற்ற டீச்சர்கள் மிட்டாய் காட்டிக் கூப்பிட்டார்கள். இவர் மட்டும் சாக்பீஸ் டப்பாவை அவள் கையில் கொடுத்து, "இதக் கொண்டாந்து மேசை மேல வெய்யி. கீழ போட்டுராத" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தார். மிது அழுகையை நிறுத்திவிட்டுப் பின்னால் போனாள். அன்றிலிருந்து வீட்டில் பேச்செல்லாம் டீச்சர்தான்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

வெண்டைக்காய் அச்சு.

காம்பு நறுக்கிய வெண்டைக்காயை மையில் தொட்டுக் காகிதத்தில் வைத்தால் பூ மாதிரி விழும் என்று மிது எங்கேயோ கற்றிருக்கிறாள். டிப்போவிலிருந்து பழைய ஸ்டாம்ப் பேடு ஒன்றைக் கேட்டு வாங்கி வந்திருந்தேன். ஊதா மை. அட்டையில் நாற்பது பூ விழுந்தது. சுவரில் ஆறு. என்னுடைய வேட்டியில் ஒன்று. குழம்புக்கு வாங்கிய வெண்டைக்காய் எல்லாம் ஊதாவாகிவிட்டதால் மத்தியானம் ரசம் மட்டும்.

வாரத்தில் எனக்கு லீவு இந்த ஒரு நாள்தான். கோவைக்குப் போகலாம் என்று நினைத்திருந்தேன். மிது அச்சு வைத்துக்கொண்டிருந்தாள், அவளை விட்டுவிட்டுப் போக முடியவில்லை. மழையும் வருகிற மாதிரி இருந்தது.

வரவில்லை.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

டபுள் டூட்டி. கால் வீங்கியிருக்கிறது. மிது ரொட்டியும் பாலும்.

ஆகஸ்ட் 22, வியாழன்

டிப்போவில் கண்ட்ரோலர் கூப்பிட்டார். "மயில்சாமி, கொழந்தைக்கு ஒடம்பு சொகமில்லீன்னு கேள்விப்பட்டேன். ஒரு வாரம் லீவு போட்டுக்கப்பா. நான் பாத்துக்கறேன்" என்றார். முகூர்த்த நாள், கூட்டம் அதிகம், ஆள் பற்றாது என்று சொல்லி வேண்டாம் என்றேன். அவர் ஒரு மாதிரி பார்த்தார்.

வீட்டுக்கு வந்தால் வெண்டைக்காய் அட்டை குப்பைக் கூடையில் கிடக்கிறது.

"ஏஞ்சாமி?"

"இனியாவும் அதேதான் பண்றாளாமா. பிரணவும் அதேதான். எல்லாரும் வெண்டைக்காயே குடுத்தா டீச்சர் என்னங்ப்பா பண்ணுவாங்க?"

நியாயம்தான். அவளுக்கு முதலில் யாரிடமிருந்து இந்த யோசனை வந்தது என்று கேட்டேன். டீச்சரிடமிருந்துதானாம்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

பிள்ளையார் சதுர்த்தி வருகிறது. கூடுதுறைக்குப் போகிற வழியில் களிமண் பிள்ளையார் செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். நேற்று அங்கே ஓர் ஆளிடம் கேட்டு ஒரு கவர் மண் வாங்கி வந்தேன். மிது அதில் டீச்சருக்குப் பேனா வைக்கிற யானை செய்தாள். முதுகில் குழி. தும்பிக்கை நிற்காமல் விழுந்துகொண்டே இருந்தது. ஒரு தென்னங்குச்சியை உள்ளே வைத்து நிறுத்தினாள். நான் சொல்லிக்கொடுக்கவில்லை, அவளே செய்தாள். இதைக் கோகிலாவுக்காகத் தனியாக எழுதுகிறேன்.

மத்தியானம் யானையை வெயிலில் வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தபோது கோகிலா போன் செய்தாள். ஸ்பீக்கரில் போட்டிருந்தேன், கை ஈரமாக இருந்ததால்.

"மூச்சு உட மறந்துர்றாளுங்க. திடீர்னு நின்னு போயிருது. மிசினு கத்துது. சிஸ்டர் ஓடியாந்து உள்ளங்கால்ல ஒரு தட்டு தட்டுனா, ஞாபகம் வந்த மாதிரி மறுக்கா உடறா. இன்னிக்குக் காலீல இருந்து மூணு தடவ." அவள் குரல் காய்ந்து போயிருந்தது. "நீங்க எப்ப வர்றீங்க?"

அடுத்த ஞாயிறு கட்டாயம் வருகிறேன் என்றேன்.

மிது சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "மூச்சு உடறத எப்படிங்ப்பா மறப்பாங்க?" என்றாள்.

"ரொம்பச் சின்னப் பாப்பா சாமி. இன்னும் பழகல."

"ஒண்ணாப்பு மாதிரியா?"

"ஆமா."

சாயங்காலம் யானை வயிற்றில் விரிசல் விட்டிருந்தது. எடுத்தபோது இரண்டாகப் பிளந்துவிட்டது. மிது அழவில்லை. இரண்டு துண்டையும் ஒட்டிப் பார்த்தாள், ஒட்டவில்லை, வைத்துவிட்டாள். அழுதிருந்தால் தேவலை போல இருந்தது.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

டீச்சருக்கு டஸ்டர் செய்யப் போகிறாளாம். கரும்பலகை அழிக்கிறது. வகுப்பில் இருக்கிற டஸ்டரில் துணி கிழிந்து வெறும் கட்டைதான் மிச்சமாம். டீச்சர் கையாலேயே அழித்து, கையைப் புடவையில் துடைத்துக்கொள்கிறாராம். "சாயங்காலம் ஆனா டீச்சர் இடுப்புல பூரா வெள்ள வெள்ளையா இருக்குமுங்ப்பா."

நல்ல யோசனை. பாப்பாத்தி அக்கா வெட்டுத் துணி ஒரு பை நிறையக் கொடுத்தார். ஊசியும் நூலும் அவரே கொடுத்து, "மொன மழுங்குன ஊசி, குத்தாது" என்றார்.

குத்தியது.

ஆகஸ்ட் 29, வியாழன்

மிதுவின் டஸ்டரில் இரண்டு நாளில் ஒரு விரல் நீளம்தான் தையல் விழுந்திருக்கிறது. தையல் மேலே போய்க் கீழே வந்து, பாதியில் எங்கேயோ காணாமல் போகிறது. இந்த வேகத்தில் போனால் தீபாவளிக்குத்தான் முடியும். ஆகவே நேற்று நானே எடுத்துக்கொண்டேன். அவளுடையதை அல்ல. மிச்சத் துணியில் புதிதாக ஒன்று.

ஈரோடு ஸ்டாண்டில் ஒவ்வொரு டிரிப்புக்கும் நடுவே பத்து நிமிடம் கிடைக்கும். பின் சீட்டில் உட்கார்ந்து தைத்தேன். டிரைவர் சென்னியப்பன் டீயோடு வந்து பார்த்தார்.

"என்னப்பா, டிக்கெட்டத் தெச்சுக் குடுக்கறியா இனிமே?"

"புள்ளைக்குங்கண்ணா. ஸ்கூலுக்கு."

"சின்னப் பாப்பா எப்படி இருக்குது?"

"பரவால்லீங்கண்ணா" என்று சொல்லிவிட்டு நூலைப் பல்லால் கடித்தேன்.

கோகிலா, உண்மையாகவே நன்றாக வந்திருக்கிறது. உள்ளே பஞ்சு, மேலே நான்கு மடிப்புத் துணி, ஓரம் முழுக்க நெருக்கமான தையல், பிடித்துக்கொள்ளப் பின்னால் ஒரு பட்டை. நடுவில் சிவப்பு நூலில் 'அ' என்று எழுத்துகூடப் போட்டேன். இரண்டு நாளாக மனதுக்கு இதமாக இருந்தது இந்த வேலை ஒன்றுதான். எங்கே குத்த வேண்டுமோ அங்கே குத்தினால் சரியாக வந்துவிடுகிறது.

ஆகஸ்ட் 31, சனி

மிதுவிடம் டஸ்டரைக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். 'அ'வைத் தடவிப் பார்த்தாள். பிறகு என்னிடமே நீட்டினாள்.

"நல்லாருக்குதுங்ப்பா. நீங்க வெச்சுக்கங்க."

"எனக்கெதுக்கு? டீச்சருக்குக் குடு."

"இது நீங்க பண்ணுனது. நான் பண்ணுனேன்னு குடுத்தா பொய்யாயிருமில்ல?"

"நாம ரெண்டு பேரும் பண்ணுனோம்னு சொல்லு."

"நான் பண்ணவே இல்லியே."

காலையிலிருந்து தண்ணீர் வரவில்லை. டிப்போவில் ஒருவனோடு வாய்த் தகராறு. எனக்குக் கோபம் வந்துவிட்டது. ரெண்டு நாள் கண்ணு வலிக்கத் தைத்தேன், உன்னுடையது எப்போது முடியும், முடியவே முடியாது, நான் இல்லையென்றால் வெறுங்கையோடுதான் போவாய் என்று கத்தினேன். இவ்வளவு சத்தமாக அவளிடம் பேசியதில்லை. பாப்பாத்தி அக்காவின் மெஷின் சத்தம் நின்றது.

மிது சுவரோரமாகப் போய் நின்றுகொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, மெதுவாக, கோபமே இல்லாமல், "அம்மா கூப்புட்டா போறதில்ல. நான் கூப்புடாமயே வர்றீங்க" என்றாள்.

என்ன நினைத்துச் சொன்னாள் என்று தெரியவில்லை. உப்புமா கிண்டினேன். இரண்டு கரண்டி சாப்பிட்டாள்.

செப்டம்பர் 1, ஞாயிறு

மிதுவைப் பாப்பாத்தி அக்காவிடம் விட்டுவிட்டுக் காலையில் கோவை பஸ் ஏறினேன். ஜன்னலோர சீட்டு. தெரிந்த கண்டக்டர், டிக்கெட் வேண்டாம் என்றான், வாங்கிக்கொண்டேன்.

பெருந்துறையில் இறங்கிவிட்டேன்.

ஏன் என்று எழுத வரவில்லை. ஸ்டாண்டில் டீ குடித்தேன். எதிரே பவானி வண்டி நின்றுகொண்டிருந்தது. ஏறிவிட்டேன்.

வாசலில் பாப்பாத்தி அக்கா, "என்னங்க தம்பி, அதுக்குள்ள வந்துட்டீங்க?" என்றார். தலைவலி தாங்கவில்லை, பெருந்துறையிலேயே இறங்கிவிட்டேன் என்றேன். மிது அங்கேதான் உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

கோகிலாவிடம் போனில் டூட்டி போட்டுவிட்டார்கள் என்று சொல்லியிருக்கிறேன். கோகிலா, இதை நீ படிக்கும்போது

செப்டம்பர் 3, செவ்வாய்

மிதுவின் டஸ்டர் முக்கால்வாசி முடிந்திருக்கிறது. ஒரு பக்கம் தடித்து ஒரு பக்கம் மெலிந்து, மிதிபட்ட தலையணை மாதிரி இருக்கிறது. நாளை சாயங்காலம் முடித்துவிடுவாளாம். என்னை ஊசியில் நூல் கோக்க மட்டும் அனுமதித்தாள். கோத்துக் கொடுத்தேன்.

சோறு, முட்டை. முழுவதும் சாப்பிட்டாள்.

செப்டம்பர் 4, புதன்

மத்தியானம் குமாரபாளையத்தில் வண்டி நின்றுகொண்டிருந்தபோது மாமியார் போன் செய்தார். பாப்பாவின் ரத்தத்தில் கிருமி சேர்ந்துவிட்டது. மூச்சுக்கு மிஷின் வைத்திருக்கிறார்கள். "மாப்ள, இனியும் நீங்க வல்லீன்னா நான் என்ன பண்றதுன்னு தெரீலீங்க. கோகிலா சோறு திங்க மாட்டீங்கறா" என்று அழுதார்.

டிக்கெட் பையைச் சென்னியப்பன் அண்ணனிடம் கொடுத்தேன். "நீ போ. டிப்போவுல நான் பேசிக்கறேன்" என்றார்.

பாப்பாத்தி அக்கா வீடு பூட்டியிருந்தது. சத்தியமங்கலத்தில் தங்கச்சி வீட்டுப் புதுமனை புகுவிழா, நாளை மறுநாள்தான் வருவேன் என்று காலையிலேயே சொல்லியிருந்தார். அப்போதுதான் ஞாபகம் வந்தது. நேராகப் பள்ளிக்குப் போனேன்.

அம்சவேணி டீச்சர் பாடத்தை நிறுத்திவிட்டு வெளியே வந்தார். விஷயத்தைச் சொன்னேன். சொல்லும்போது வார்த்தைகள் முன்னும் பின்னுமாக வந்தன.

"புள்ளைய எங்க உடறீங்க?" என்றார்.

"கூட்டீட்டுத்தான் போகோணுங்க டீச்சர். வேற ஆளில்ல."

"ஆஸ்பத்திரி வராண்டாவுல அத வெச்சுக்கிட்டு என்ன பண்ணுவீங்க? என்ற கூட இருக்கட்டும். வீட்டுல நான் ஒருத்திதான். நீங்க கெளம்புங்க."

மிது வகுப்பு வாசலுக்கு வந்து நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். நான் குனிந்ததும், "பாப்பா செத்துருவாளாங்ப்பா?" என்றாள்.

ஒன்றும் ஆகாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"தெரீல சாமி."

அவள் தலையை ஆட்டினாள். என் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு, டீச்சருக்குக் கேட்காத குரலில், "வழியில எறங்கீராதீங்ப்பா" என்றாள்.

பஸ்ஸில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பெருந்துறை தாண்டிவிட்டது.

செப்டம்பர் 5, வியாழன்

முகம் கழுவப் போனபோது பாக்கெட்டில் வீட்டுச் சாவி இடித்தது. டஸ்டர் வீட்டுக்குள் இருக்கிறது. சாவி என்னிடம் இருக்கிறது. இன்று ஆசிரியர் தினம். சுவரில் சாய்ந்து கொஞ்ச நேரம் நின்றேன். ஒரு குழந்தை மிஷினில் கிடக்கும்போது இன்னொரு குழந்தையின் டஸ்டருக்காக ஒருவன் இப்படி நிற்பது யாருக்காவது தெரிந்தால் என்ன நினைப்பார்கள்.

நேற்று நடந்ததை எழுதுகிறேன்.

கோகிலா வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ஒரு மாதத்தில் பாதியாகிவிட்டாள். "வந்துட்டீங்களா" என்றாள், அவ்வளவுதான். திட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். பக்கத்தில் உட்கார்ந்தேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"ஞாயித்துக்கெழம டூட்டி இல்ல கோகி. பஸ் ஏறுனேன். பெருந்துறையில எறங்கீட்டேன்."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"பயமா இருந்துச்சு. மொத நாள் பாத்ததுல இருந்தே. அந்தக் கை, அந்தக் காலு. நான் பாத்துட்டு இருக்கும்போதே எதாச்சும் ஆயிருமோன்னு."

வார்டுக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்.

"எனக்கும் பயந்தானுங்க. நான் எங்க எறங்கறது?"

அவள் தலையை என் தோளில் சாய்த்தாள். அது மன்னிப்பு என்று நான் நினைக்கவில்லை. கழுத்து வலித்திருக்கும்.

கேண்டீனிலிருந்து இட்லி வாங்கி வந்தேன். ஒன்றைச் சாப்பிட்டாள், இன்னொன்றைப் பிட்டுப் பிட்டு வைத்திருந்தாள்.

பிறகு என்னை உள்ளே விட்டார்கள். கை கழுவி, அங்கி போட்டு, செருப்பை விட்டு. கதவருகே ஒரு சிஸ்டர், "மொத நாள் வந்த வேகத்துல திரும்பி ஓடுன அண்ணன்தான நீங்க?" என்றார். கிண்டலாகத்தான். ஆமாம் என்றேன்.

பார்த்தேன். இந்தத் தடவை கண்ணை எடுக்கவில்லை. வாயில் குழாய், காலில் ஒரு சிவப்பு விளக்கு. நெஞ்சு மிஷினோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது. காது இரண்டும் மிதுவின் காது. அப்படியே மிதுவின் காது. இதை ஒரு மாதம் முன்பே பார்த்திருக்கலாம்.

இன்னும் இரண்டு நாள் போக வேண்டும், மருந்து கேட்கிறதா என்று பார்க்கலாம் என்று டாக்டரம்மா சொன்னார்.

அதே நாள், சாயங்காலம்

டீச்சர் எண்ணுக்குப் போன் செய்தேன். மிதுதான் எடுத்தாள். "பாப்பா?" என்றாள். பார்த்தேன், தூங்குகிறாள், உன் காதுதான் அவளுக்கும் என்றேன். "என்ற காதா?" என்று இரண்டு தடவை கேட்டாள். டஸ்டர் விஷயத்தை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், சாவி என்னிடம் இருந்துவிட்டது, அப்பா மறந்துவிட்டேன் என்றேன்.

"பரவால்லீங்ப்பா. நான் குடுத்துட்டேன்."

"என்ன குடுத்த?"

"சடை."

எனக்குப் புரியவில்லை. டீச்சர் போனை வாங்கிக்கொண்டார். காலையில் அவர் தலைக்குக் குளித்துவிட்டு முடி உலர்த்திக்கொண்டிருந்தாராம். மிது எழுந்து வந்து பின்னால் நின்று பார்த்திருக்கிறாள். பிறகு ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு ஏறி, பின்னிவிடட்டுமா என்று கேட்டிருக்கிறாள்.

"எனக்கு எப்பவும் கொண்டைதாங்க. எத்தன வருசமோ ஆச்சு, சடை போட்டு. வேண்டாம்னேன். என்ற கையில பண்றதுக்கு வேற ஒண்ணும் இல்லீங்க டீச்சர், வீட்ட அப்பா பூட்டீட்டுப் போயிட்டாருன்னு சொன்னா. அதுக்கு மேல நான் என்ன சொல்றது? அவிழ்ந்து அவிழ்ந்து போச்சு. மறுக்கா மறுக்காப் பின்னுனா. ஒரு மணி நேரம் ஆச்சு. ஸ்கூலுக்கு லேட்டு."

"மன்னிச்சுக்குங்க டீச்சர்."

"எதுக்குங்க மன்னிப்பு? அப்படியேதான் போனேன். பாதி முடி காதோரம் தொங்குது, பாதி பின்னால நிக்குது. ஹெட்மாஸ்டர் பாத்துட்டு ஒண்ணும் கேக்காம அக்கட்ட போயிட்டாரு. பசங்க எல்லாம் அவங்கவங்க பண்ணுனத மேசையில வெச்சாங்க. இவ வெறுங்கையோட உக்காந்திருக்கான்னு ஒரு பையன் சொன்னான். நான் திரும்பி நின்னு காட்டுனேன்."

டீச்சர் இருமினார். "சரி, ஆஸ்பத்திரி வேலையப் பாருங்க. புள்ள தயிர்சோறு தின்னுட்டா" என்று சொல்லி வைத்துவிட்டார்.

கோகிலாவிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தாள். திடீரென்று சிரிக்க ஆரம்பித்தாள், வாயைப் பொத்திக்கொண்டு, வார்டு வாசல் என்பதால் சத்தம் வராமல். சிரிப்பு எங்கே அழுகையாக மாறியது என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரிந்திருக்காது.

செப்டம்பர் 7, சனி

பிள்ளையார் சதுர்த்தி. மருந்து கேட்கிறது என்கிறார்கள். மாமியார் ஊருக்குப் போய் மிதுவைப் பார்த்துக்கொள்கிறார். அவர் இடத்தில் நான் இருக்கிறேன். டிப்போவில் லீவு சொல்லியாயிற்று.

ஆஸ்பத்திரி பிள்ளையாருக்குப் பொரி, கடலை. கோகிலா முழுக்கச் சாப்பிட்டாள்.

செப்டம்பர் 9, திங்கள்

மூச்சு மிஷினை எடுத்துவிட்டார்கள்.

மத்தியானம் நான் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தபோது அந்தச் சத்தம் வந்தது. பாப்பாவின் நெஞ்சு நின்றிருந்தது. சிஸ்டர் இரண்டு பெட்டி தள்ளி வேறு குழந்தையைக் கையில் வைத்திருந்தார். அங்கிருந்தே, "தட்டுங்கண்ணா! கைய உள்ள உடுங்க. உள்ளங்கால்ல. பயப்படாம" என்றார்.

கை வழியில் நின்றது. பிறகு போனது. என் கட்டைவிரல் அளவுக்கு ஓர் உள்ளங்கால். தட்டினேன். ஒன்றும் ஆகவில்லை. மறுபடி, கொஞ்சம் அழுத்தி. முகத்தைச் சுளித்தாள், கோபம் வந்தவள் மாதிரி, பிறகு மூச்சு விட்டாள்.

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். எழுந்திருக்க நேரமாயிற்று.

சாயங்காலம் மாமியார் பேசினார். மிது டஸ்டரை முடித்துப் பள்ளிக்குக் கொண்டு போனாளாம். அழித்தால் அழிவதைவிட அதிலிருந்து உதிர்கிற நூல்தான் அதிகமாம். டீச்சர் அதில்தான் அழிக்கிறாராம்.

செப்டம்பர் 12, வியாழன்

பாட்டில் பால் இல்லை, குழாய் வழியாக அம்மா பால். கொஞ்சம் கூட்டியிருக்கிறார்கள். கோகிலா பெஞ்சிலேயே தூங்கிவிட்டாள். எழுப்பவில்லை.

செப்டம்பர் 17, செவ்வாய்

கோகிலாவுக்குச் சளி பிடித்திருக்கிறது. கிட்டே போகக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். நேற்றுவரை அவள்தான் தினமும் பாப்பாவை நெஞ்சோடு வைத்துக்கொண்டிருந்தாள். பெட்டிச் சூட்டைவிட உடம்புச் சூடு நல்லதாம்.

"அப்ப நீங்க வாங்கண்ணா" என்றார் சிஸ்டர். "சட்டையக் கழட்டுங்க."

சாய்வு நாற்காலியில் படுக்க வைத்தார்கள். ஒரு தொப்பி, ஒரு துணி, வேறொன்றும் இல்லாமல் பாப்பாவைத் தூக்கி என் நெஞ்சில் வைத்து, மேலே துணியைச் சுற்றிக் கட்டினார்கள். ஒரு தவளைக் குஞ்சு மாதிரி காலை மடக்கிக்கொண்டு அப்படியே ஒட்டிக்கொண்டாள். கனம் இருப்பதாகவே தெரியவில்லை. சூடு மட்டும் தெரிகிறது. கண்ணாடிக்கு வெளியே கோகிலா முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு நிற்கிறாள். கண் மட்டும் தெரிகிறது.

நான் அசையவில்லை. என்னுடைய மூச்சே அவளை ஏற்றி இறக்குகிறது. கொஞ்ச நேரம் கழித்து அவளுடைய மூச்சும் தெரிய ஆரம்பித்தது. சின்னது, வேகமானது, சில சமயம் யோசித்து யோசித்து. நிற்கிற மாதிரி வரும்போதெல்லாம் முதுகைத் தடவுகிறேன். வந்துவிடுகிறது.

இடது கை அவள் மேல் இருக்கிறது. டைரியை நாற்காலிக் கையில் வைத்து வலது கையால் எழுதுகிறேன். எழுத்தெல்லாம் ஒரு பக்கமாக ஓடுகிறது.

சிஸ்டர் வந்து பார்த்துவிட்டுத் திட்டுகிறார். "எழுதறதெல்லாம் அப்பறம் வெச்சுக்கங்கண்ணா. அந்தக் கையும் வேணும்."

வைத்துவிடுகிறேன்.